நடனமாடுபவர்களுக்கு விடாத தொடையிடுக்கு வலி: காரணம் தேடும் வரிசை

முட்டிகளை வெளிப்பக்கம் விரித்துப் பாதி உட்காரும் அரைமண்டியில் தொடையிடுக்கில் பிடிக்கிறது. எழுந்து நாலு நடை நடந்தால் விட்டுவிடுகிறது. மறுநாள் வகுப்பில் மறுபடியும் பிடிக்கிறது. "டீச்சர், கவட்டிக்குள்ள ஏதோ இடிக்குது" என்று சொன்னால் பெரும்பாலும் வரும் பதில், "இன்னும் நல்லா விரிச்சு உக்காரும்மா, பழகப் பழகச் சரியாயிடும்."

பழகினால் சரியாகும் வலிகள் உண்டு. புதிதாக ஆடத் தொடங்கியவரின் தொடைத் தசை வலி இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். மூன்று வாரம் கழித்தும் அதே இடத்தில், அதே அசைவில் வருகிற வலி அந்த ரகம் இல்லை. அதற்குக் காரணம் தேட வேண்டும்.

தேடுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. பல சமயம் அது தலைகீழாக நடக்கிறது. முதலில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள், பிறகு அறிக்கையில் இருக்கும் வார்த்தைக்கு வைத்தியம் பார்க்கிறார்கள், "எந்த அடவில் (ஆட்ட அசைவில்) வலிக்குது?" என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. பரதம் ஆடுபவர்களுக்கும், அவர்களுடைய பெற்றோருக்கும், புதிதாக வகுப்பு எடுக்கத் தொடங்கியிருக்கும் ஆசிரியர்களுக்கும் சரியான வரிசையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குச்சிப்புடி, ஒடிசி, பாலே ஆடுபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். வீட்டிலேயே நோயின் பெயரைத் தீர்மானித்துக்கொள்ள இது உதவாது. சரியான டாக்டரிடம், சரியான தகவலோடு போக உதவும்.

படி 1: காத்திருக்கக் கூடாதவற்றை முதலில் விலக்குங்கள்

ஆடுபவரின் தொடையிடுக்கு வலி என்றதும் எல்லோருக்கும் தசைதான் நினைவுக்கு வருகிறது. நான் முதலில் எலும்பைத்தான் நினைப்பேன். தொடையெலும்பின் பந்து போன்ற தலைக்கும் நீண்ட தண்டுக்கும் நடுவே ஒரு கழுத்து இருக்கிறது. சும்மா நடக்கும்போதே இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு சுமை விழுகிறது. வெறுங்காலோடு சிமெண்ட் தரையிலும் கிரானைட் தரையிலும் தட்டும்போது அது இன்னும் ஏறும். ஓய்வு போதாமல், சாப்பாடு போதாமல் இந்தச் சுமை மாதக்கணக்கில் தொடர்ந்தால் அந்தக் கழுத்தில் மயிரிழை போல விரிசல் விழலாம்.

இந்த விரிசலின் வலி ஒரு மாதிரி நகரும். முதலில் பயிற்சியின் கடைசி அரைமணியில் மட்டும் வலிக்கும். பிறகு பயிற்சி தொடங்கியதுமே வரும். பிறகு மாடிப்படி ஏறும்போது, பிறகு வெறும் நடையில், கடைசியில் படுத்தாலும் வலிக்கும். ஆழமாக, விரல் வைத்துக் காட்ட முடியாத இடத்தில் இருக்கும். அரங்கேற்றத்துக்கு முந்தைய மாதங்களில், தினப் பயிற்சி திடீரென்று இரட்டிப்பான பெண்ணுக்கு இந்த வரிசையில் வலி வந்தால் அன்றோடு தட்டுவதை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். கழுத்தின் கீழ்ப்பக்க விரிசல் பெரும்பாலும் ஊன்றுகோலிலும் ஓய்விலும் ஆறிவிடும். மேல்பக்க விரிசல் அப்படியில்லை. அது முழுதாக முறிந்து நகர்ந்துவிட்டால் தலைக்குப் போகும் ரத்த ஓட்டமே அறுந்துபோகலாம். அதனால் அதற்குப் பெரும்பாலும் உடனே ஸ்க்ரூ போட்டு நிறுத்துவார்கள். இன்னொன்று: ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாமலே போகலாம். "எக்ஸ்ரே நார்மல், ஆடலாம்" என்று சொன்னாலும் வலி மேலே சொன்ன மாதிரி நகர்ந்துகொண்டிருந்தால் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடக் கூடாத இடம் இது.

ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்து வலிக்கிறதா என்று சோதிப்பது டாக்டர் அறையில் நடக்கட்டும். விரிசல் சந்தேகம் இருக்கும்போது வீட்டுக் கூடத்தில் அதைச் செய்யாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் வெட்கப்படாமல் கேட்டே ஆக வேண்டிய கேள்வி மாதவிடாய் பற்றியது. மூன்று மாதத்துக்கு மேல் நின்றுபோயிருக்கிறதா? பதினைந்து வயது முடிந்தும் வரவே இல்லையா? மேடையில் ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கும் வழக்கம் உண்டா? செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாகச் சாப்பிடாதபோது உடல் முதலில் மாதவிடாயை நிறுத்துகிறது, எலும்பைப் புதுப்பிப்பதையும் குறைக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்கென்று தனி அறிக்கை வெளியிட்டு, ஆண்களுக்கும் இது வரும் என்று சேர்த்தே சொன்னது. "டான்ஸ் ஆடுற பொண்ணுங்களுக்கு அப்படித்தான் தள்ளிப்போகும்" என்று பாட்டியோ டீச்சரோ சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள்.

குழந்தைகளுக்கு விதி வேறு. ஆறேழு வயதில் சலங்கை பூஜைக்குத் தயாராகும் பிள்ளை நொண்டினால், தொடையெலும்புத் தலைக்கு ரத்தம் குறையும் பெர்த்தஸ் நோயா என்று பார்க்க வேண்டும். பத்திலிருந்து பதினாறு வயதுக்குள், வளர்ச்சி வேகமாக இருக்கும் பருவத்தில், தொடையெலும்பின் தலைப்பகுதி, எலும்பு வளரும் இடமான வளர்தட்டிலிருந்து வழுக்கி நகர்வதுண்டு. அந்தப் பிள்ளை பெரும்பாலும் "முட்டி வலிக்குது" என்றுதான் சொல்லும். முட்டியைச் சோதித்தால் ஒன்றும் இருக்காது. நடக்கும்போது அந்தப் பாதம் மட்டும் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். பரத வகுப்பில் பாதம் வெளியே திரும்புவதை யார் சந்தேகப்படுவார்கள்? அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். காரணம் தெரியாத முட்டி வலியோடு நொண்டும் பிள்ளைக்கு இடுப்பு மூட்டை இரண்டு பக்கமும் எக்ஸ்ரே எடுக்காமல் விடக்கூடாது. வழுக்கல் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளையை நடக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு, தூக்கத்தில் வலியால் அலறி எழுவது ஆகியவை இருந்தால் காசநோய் நினைவுக்கு வர வேண்டும். நம் நாட்டில் எலும்பில் வரும் காசநோய் முதுகெலும்புக்கு அடுத்தபடியாக அதிகம் தாக்குவது இடுப்பு மூட்டைத்தான். ஆஸ்துமாவுக்கோ தோல் நோய்க்கோ வேறு எதற்கோ ஸ்டீராய்டு மாத்திரை எடுத்த வரலாறு இருந்தால் தொடையெலும்புத் தலை ரத்தமின்றி அழுகும் நோயைச் சோதிக்க வேண்டும். இரவில் மட்டும் குத்தி, ஒரு வலி மாத்திரையில் சட்டென்று அடங்கி, மறுநாள் இரவு திரும்ப வரும் வலி இளம் வயதினரிடம் எலும்பில் வரும் ஒரு சிறு கட்டியாக இருக்கலாம். அது புற்று இல்லை, ஆனால் ஃபிசியோதெரபியில் போகாது.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் அவசரம் இல்லை. பொறுமையாக அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: ஒரே விரலால் காட்டுங்கள்

டாக்டரிடம் "இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் கீழ்முதுகு என்று எடுத்துக்கொண்டு முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எழுதிவிடுவார். அதில் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருப்பது தெரியும். வலியே இல்லாதவர்களிடமும் அது சகஜம். பிறகு ஆறு மாதம் டிஸ்க்குக்கு வைத்தியம் நடக்கும், தொடையிடுக்கு வலி அப்படியே இருக்கும்.

நின்றுகொண்டு, வலிக்கிற இடத்தில் ஒரு விரலை வையுங்கள். விரல் போகிற இடம் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

தொடையும் வயிறும் சந்திக்கும் மடிப்பில், நடுவில், ஆழத்தில் என்றால் இடுப்பு மூட்டு அல்லது அதன் முன்னால் ஓடும் சோயாஸ் தசை. உள்தொடையின் மேல்முனையில், தொட்டால் கயிறுபோல் தட்டுப்படும் இடம் என்றால் அடக்டர் தசைகள். இரண்டு தொடைகளுக்கும் நடுவில், அடிவயிற்றுக்குக் கீழே இருக்கும் எலும்பில் என்றால் அந்தரங்க எலும்பு இணைப்பு. பக்கவாட்டில் துருத்தும் எலும்பின் மேல், அந்தப் பக்கமாகப் படுத்தால் வலிக்கிறது என்றால் பிட்டத் தசைகளை எலும்போடு இணைக்கும் நாண். நாற்பது தாண்டிய நடன ஆசிரியைகளிடம் இது அதிகம். பின்னால், பிட்டத்தின் மேல்பகுதியில் என்றால் முதுகு அல்லது இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டு.

சிலரால் விரல் வைத்துக் காட்டவே முடியாது. கட்டைவிரலைப் பின்பக்கமும் மற்ற விரல்களை முன்பக்கமுமாக வைத்து, இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்து "இதுக்குள்ள" என்பார்கள். எலும்பு டாக்டர்களுக்கு அது நன்றாகத் தெரிந்த சைகை. வலி மூட்டுக்குள்ளிருந்து வருகிறது என்ற சந்தேகத்தை அது வலுவாக்கும்.

படி 3: இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

ஒரு பழைய நோட்டு போதும். தினமும் வலி எத்தனை என்று பத்துக்கு மதிப்பெண் போடுவதைவிட எப்போது, எந்த அசைவில், எவ்வளவு நேரம் என்று எழுதுவதுதான் உபயோகம்.

அடவுப் பெயரோடு எழுதுங்கள். தட்டடவில் ஒரு கால் தட்டும்போது மற்ற கால் அரைமண்டியிலேயே முழு எடையையும் தாங்குகிறது. வலிப்பது தட்டுகிற காலா, தாங்குகிற காலா? நாட்டடவில் காலைப் பக்கவாட்டில் நீட்டும்போது உள்தொடை இழுக்கிறதா? முழுதாகக் கீழே உட்காரும் முழுமண்டியில் இறங்கும்போதா, அடியில் உட்கார்ந்திருக்கும்போதா, எழும்போதா? நடராஜர் நிலையில் தூக்கிய காலின் தொடை மடங்கி, உடலுக்குக் குறுக்கே கடந்து மறுபக்கம் போகிறது. டாக்டர் மூட்டைச் சோதிக்கச் செய்யும் ஒரு சோதனைக்கு இது மிகவும் நெருக்கமான அசைவு. அந்த நிலையில் மட்டும் தொடையிடுக்கில் சுரீர் என்று கிள்ளினால் அதைத் தனியாகக் கோடிட்டு எழுதுங்கள்.

நடனத்துக்கு வெளியேயும் கவனியுங்கள். சப்பணமிட்டுச் சாப்பிட உட்காரும்போது, ஸ்கூட்டரில் காலைத் தூக்கிப் போடும்போது, ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, குனிந்து சலங்கை கட்டும்போது எப்படி இருக்கிறது? ரொம்ப நேரம் உட்கார்ந்து எழும்போது முதல் சில அடிகள் இறுகிப்போய் நடப்பது மூட்டுப் பிரச்சினையில் சகஜம். காலையில் எழுந்ததும் அரைமணிக்கு மேல் விறைத்து, நடமாட நடமாட இளகி, ஓய்வெடுத்தால் மோசமாகிறது என்றால் அது வேறு திசை. இளம் வயதில் தொடங்கும் முதுகெலும்பு அழற்சி வாதம் அப்படித்தான் வரும், அதற்கு வாத நோய் நிபுணரிடம் போக வேண்டும்.

சத்தம் வந்தால் அதையும் எழுதுங்கள். காலை உயர்த்தி இறக்கும்போது முன்பக்கத்தில் 'டொக்' என்று கேட்பது பெரும்பாலும் சோயாஸ் நாண் எலும்பின் மேட்டைத் தாண்டும் ஓசை. பாலே ஆடுபவர்களிடம் இது மிகப் பரவலாக இருப்பதால் இதற்கு மருத்துவத்தில் நடனக்காரரின் இடுப்பு என்றே ஒரு பெயர் உண்டு. பக்கவாட்டில், எலும்பே இடம் மாறியதுபோல் கண்ணுக்கே தெரியும் துள்ளல் என்றால் தொடையின் வெளிப்பட்டை நகர்கிறது. வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியம் வேண்டாம். சத்தத்தோடு சேர்ந்து வலிக்கிறது, அல்லது கால் ஒரு நொடி பூட்டிக்கொண்டு விடுகிறது என்றால்தான் அதற்குப் பொருள் உண்டு. வேண்டுமென்றே அந்தச் சத்தத்தை வரவழைத்துத் தோழிகளுக்குக் காட்டும் பழக்கம் பல மாணவிகளிடம் உண்டு. அதை நிறுத்தினாலே நாண் எரிச்சல் குறைந்துவிடும்.

என்ன மாறியது என்பதும் வேண்டும். புது வகுப்பறைத் தரை, மார்கழிக் கச்சேரிகளுக்காகக் கூடிய ஒத்திகை, பரீட்சைக்காக இரண்டு மாதம் நிறுத்திவிட்டு ஒரே வாரத்தில் பழைய அளவுக்குத் திரும்பியது, வீடியோ பார்த்துத் தொடங்கிய ஸ்ட்ரெச்சிங் எல்லாம் கணக்கில் வரும். பெண்கள் மாதவிடாய்த் தேதிகளையும் அதே நோட்டில் குறிக்க வேண்டும். மாதாமாதம் அந்த நாட்களில் மட்டும் தொடையிடுக்கு வலி கூடினால் எலும்பு டாக்டரைவிட மகப்பேறு மருத்துவர்தான் முதலில் பார்க்க வேண்டியவர். எண்டோமெட்ரியோசிஸும் சினைப்பைக் கட்டியும் இந்த இடத்தில் வலியாக வரலாம். இருமினால், தும்மினால் சுருக்கென்று இழுக்கிறது, அல்லது ஒரு புடைப்பு தெரிகிறது என்றால் குடலிறக்கத்தைப் பார்க்க வேண்டும். ஆண்களுக்குத்தான் அது வரும் என்று விட்டுவிடாதீர்கள்.

படி 4: காலைத் திருப்புவது எங்கிருந்து என்று பாருங்கள்

வீட்டில் வலியின்றிச் செய்யக்கூடிய ஒரே சோதனை இது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கட்டாந்தரையில் பாய் விரித்து குப்புறப் படுங்கள். முட்டியை மடக்கி, பாதம் கூரையைப் பார்க்கும்படி வையுங்கள். இப்போது பாதத்தை உள்பக்கமாக, மற்ற காலுக்கு மேலாகச் சாய விடுங்கள். அதுதான் இடுப்பு மூட்டு வெளிப்பக்கம் திரும்பும் அளவு. பாதத்தை வெளிப்பக்கம் சாய விட்டால் மூட்டு உள்பக்கம் திரும்புகிறது. கேட்பதற்கு நேர்மாறாக இருக்கும், ஒரு முறை செய்து பார்த்தால் புரியும். இடுப்பெலும்பு பாயை விட்டுத் தூக்காமல் யாராவது பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பக்கத்திலிருந்து செல்போனில் படம் எடுக்கட்டும்.

வெளிப்பக்கம் சாயும்போது பாதம் தாராளமாக 70 டிகிரி வரை போய், உள்பக்கம் 20, 30 டிகிரியிலேயே நின்றுவிட்டால் தொடையெலும்பின் முறுக்கே பிறவியில் அப்படி இருக்கலாம். சின்ன வயதில் இரண்டு பாதங்களையும் வெளியே விட்டு, டபிள்யூ எழுத்துப்போல உட்கார்ந்து விளையாடிய பிள்ளைகள் இவர்கள். இவர்களுக்கு ஆசிரியர் கேட்கும் அளவுக்குத் திரும்பிய அரைமண்டி எலும்பிலேயே கிடையாது. ஸ்ட்ரெச் செய்து எலும்பின் முறுக்கை மாற்ற முடியாது. அவர்கள் என்ன செய்கிறார்கள்? பாதத்தை மட்டும் தரையில் அழுத்தித் திருப்பி வைத்துவிட்டு, முட்டியையும் கணுக்காலையும் முறுக்கி, முதுகை வளைத்து எப்படியோ உட்கார்ந்துவிடுகிறார்கள்.

முன்னாலிருந்து பார்த்தால் அரைமண்டி அழகாகத்தான் தெரியும். பக்கத்திலிருந்து பாருங்கள். பிட்டம் பின்னால் தள்ளியிருக்கும், முட்டி பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக இல்லாமல் உள்ளே விழுந்திருக்கும், பாதத்தின் உள்வளைவு தரையில் படிந்திருக்கும். அந்த மாணவிக்கு இரண்டு பாதங்களுக்கும் நடுவே இருக்கும் கோணத்தைக் கொஞ்சம் குறைத்து உட்காரச் சொல்லிப் பாருங்கள். சிலருக்கு வலி அந்த இடத்திலேயே குறையும். ஒரு ஆசிரியரால் வகுப்பறையிலேயே கண்டுபிடிக்கக்கூடியது இவ்வளவும்.

நேர்மாறான மாணவியும் உண்டு. எல்லாத் திசையிலும் மூட்டு வழிந்து போகும், கட்டைவிரல் முன்கையைத் தொடும், முழங்கை பின்னால் வளையும். முட்டி மடக்காமல் குனிந்தால் உள்ளங்கை தரையில் பதியும். இப்படிப்பட்ட அசைவுகளுக்கு மதிப்பெண் போடும் பெய்ட்டன் அளவுகோலில் 9க்கு 5 அல்லது அதற்கு மேல் என்றால் பெரியவர்களிடம் மூட்டுத் தளர்ச்சி என்று கொள்கிறார்கள். வகுப்பில் இவளைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். "என்ன உடம்பு வளையுது பாரு!" என்று முன்வரிசையில் நிறுத்துவார்கள். வலி வந்தால் நான் அதிகம் கவலைப்படுவது இவளுக்காகத்தான். மூட்டின் குழி ஆழமில்லாமல் இருப்பதால்கூட இந்த அளவு அசைவு கிடைத்திருக்கலாம். அப்போது விளிம்பில் இருக்கும் லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையமும் தசைகளும் இரவுபகலாக மூட்டைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. சோயாஸ் தசை இறுகிப்போய் வலிப்பதும் அதனால்தான். அதை இறுக்கம் என்று நினைத்து இன்னும் இழுத்தால் வலி கூடும்.

படி 5: பரிசோதனை அறையில் என்ன நடக்க வேண்டும்

எலும்பு டாக்டர், விளையாட்டு மருத்துவர், ஆடுபவர்களைப் பார்த்துப் பழகிய ஃபிசியோதெரபிஸ்ட் ஆகிய மூவரில் யாரிடம் முதலில் போனாலும் பரவாயில்லை. படி 1இல் சொன்ன அறிகுறி ஒன்று இருந்தால் மட்டும் நேரே டாக்டரிடம். லெகிங்ஸோ தளர்ந்த பேண்டோ அணிந்து போங்கள், புடவையில் இந்தச் சோதனைகள் நடக்காது. சலங்கை வேண்டாம், நோட்டு வேண்டும்.

மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டியை மார்புப் பக்கம் மடக்கி, மறுபக்கம் தள்ளி, பாதத்தை வெளியே திருப்புவார்கள். ஃபேடிர் என்று சொல்வார்கள். மூட்டில் பிரச்சினை இருந்தால் பெரும்பாலும் இதில் வலிக்கும். ஆனால் இதில் வலிப்பவர்களுக்கெல்லாம் மூட்டில்தான் பிரச்சினை என்று சொல்ல முடியாது. வலிக்கவில்லை என்றால் மூட்டைப் பற்றிய சந்தேகம் கணிசமாகக் குறையும், அதுதான் இதன் பயன். அடுத்து, 4 என்ற எண்போலக் காலை மடித்துப் போட்டு முட்டியைக் கீழே அழுத்தும் ஃபேபர். அதில் வலி முன்னாலா, பின்னாலா என்று சொல்லுங்கள், இரண்டுக்கும் காரணம் வேறு. முட்டிகளுக்கு நடுவே டாக்டர் கையை மடக்கி வைத்து அழுத்தச் சொல்வார், உள்தொடையில் வலித்தால் அடக்டர். மடக்கிய தொடையைத் தூக்கச் சொல்லித் தடுப்பார், முன்பக்கம் வலித்தால் சோயாஸ். மூட்டு எந்தெந்தத் திசையில் எவ்வளவு திரும்புகிறது என்று இரண்டு பக்கமும் ஒப்பிடுவது, முதுகைச் சோதிப்பது, குடலிறக்கம் பார்ப்பது எல்லாம் இதில் அடக்கம்.

ஆடுபவரை ஆடவைத்தும் பார்க்க வேண்டும். மேசையில் படுக்கவைத்து எல்லாம் சரி என்று சொல்லிவிட்டால், "டாக்டர், வலிக்கிற அந்த அடவை மட்டும் ஒரு தடவை போட்டுக் காட்டட்டுமா?" என்று கேளுங்கள். சாதாரண மனிதருக்கான அசைவு அளவை வைத்துப் பார்த்தால் பல நாட்டியக்காரர்கள் நார்மல்தான். அவர்களுடைய வலி அந்த அளவின் கடைசிப் பத்து டிகிரியில் இருக்கிறது.

2014இல் கத்தாரின் தோஹாவில் கூடிய நிபுணர்கள், ஆடுகள வீரர்களின் தொடையிடுக்கு வலியை அடக்டர், சோயாஸ், தொடையிடுக்குக் குழாய், அந்தரங்க எலும்பு என்று நாலாகப் பிரித்தார்கள். இடுப்பு மூட்டையும் மற்றக் காரணங்களையும் தனித்தனியாக வைத்தார்கள். அதன் அழகு என்னவென்றால், தொட்டுப் பார்ப்பதும் தடுத்துப் பார்ப்பதும் போதும், ஸ்கேன் இல்லாமலே முதல் பெயரைச் சொல்லிவிடலாம். ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கலாம் என்பதையும் அது ஏற்றுக்கொள்கிறது. ஆடுபவர்களிடம் அப்படித்தான் இருக்கும். மூட்டில் ஒரு பிரச்சினை, அதைக் காப்பாற்றப் போய்க் களைத்த தசை ஒன்று.

படி 6: படம் எடுப்பது

முதலில் எக்ஸ்ரே. இரண்டு இடுப்பும் தெரியும்படி முன்பக்கத்திலிருந்து ஒன்று, தொடையெலும்பின் கழுத்து பக்கவாட்டில் தெரியும்படி ஒன்று. கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். குழியின் ஆழத்தை எக்ஸ்ரேயில் ஒரு கோணமாக அளப்பார்கள், ஸ்வீடன் நாட்டு மருத்துவர் விபெர்க் பெயரால் வழங்குவது. 25 டிகிரிக்கு மேல் என்றால் சாதாரணம், 20க்குக் கீழே என்றால் ஆழமில்லாத குழி, நடுவில் இருந்தால் எல்லைக்கோடு. வளையும் உடம்புக்காரிக்கு இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அறிக்கையில் எப்போதும் எழுதியிருக்க மாட்டார்கள்.

எலும்பு மோதல் என்ற பெயரும் காதில் விழும். தொடையெலும்புத் தலையின் ஓரத்தில் ஒரு மேடு, அல்லது குழியின் விளிம்பு நீண்டு, இரண்டும் மடக்கும்போது இடிப்பது. சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரத்தில் ரைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் 2003இல் விரிவாக எழுதிய பிறகு இது உலகமெங்கும் பரவியது, கொஞ்சம் அதிகமாகவே பரவியது. அதனால் 2016இல் நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வாரிக் உடன்பாட்டில், வலி, பரிசோதனையில் அடையாளம், படத்தில் அடையாளம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இந்த நோய்ப் பெயரைச் சொல்லலாம் என்று முடிவுசெய்தார்கள். படத்தில் மேடு மட்டும் இருப்பது நோய் இல்லை.

லேப்ரம் கிழிசலுக்கும் அதே கதைதான். இடுப்பில் வலியே இல்லாத 45 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2012இல் வெளியான ஒரு ஆய்வில் 69 சதவீதம் பேருக்கு லேப்ரத்தில் கிழிசல் இருந்தது. ஆகவே "லேப்ரம் கிழிஞ்சிருக்கு" என்ற வரியைப் படித்ததும் அழ வேண்டாம். அந்த வரி உங்கள் விரல் காட்டிய இடத்தோடும், நோட்டில் எழுதிய அடவோடும், மேசையில் வலித்த சோதனையோடும் பொருந்துகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். பொருந்தினால் மட்டுமே அது உங்கள் வலிக்குக் காரணம்.

எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தால் சீட்டில் எந்தப் பக்கத்து இடுப்பு மூட்டு, என்ன சந்தேகம் என்று இருக்கிறதா பாருங்கள். முழு இடுப்பெலும்பையும் பொதுவாக எடுத்த படத்தில் லேப்ரம் தெளிவாகத் தெரியாது. 'டொக்' சத்தத்துக்கு எம்.ஆர்.ஐ.யைவிட அல்ட்ராசவுண்ட் நல்லது, காலை அசைக்க அசைக்க நாண் தாண்டுவதைத் திரையில் பார்த்துவிடலாம். வலி மூட்டுக்குள்ளிருந்தா, வெளியிலிருந்தா என்று கடைசிவரை தெளியாவிட்டால், ஸ்கேன் பார்த்தபடி மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தை மட்டும் செலுத்துவார்கள். அடுத்த ஓரிரு மணி நேரத்தில் வலித்த அசைவைச் செய்து பார்க்கச் சொல்வார்கள். வலி பெருமளவு போய்விட்டால் ஊற்று மூட்டில்தான். அந்த ஊசி போட்டுக்கொண்ட நாளில் மரத்த காலோடு பயிற்சிக்குப் போகாதீர்கள்.

எலும்பு விரிசல் சந்தேகம் உள்ளவர்களுக்கு விட்டமின் டி, கால்சியம், இரும்புச் சத்து, தைராய்டு ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். அழற்சி அல்லது காசநோய்ச் சந்தேகத்துக்கு, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள்.

படி 7: பெயர் கிடைக்கும்வரை என்ன செய்வது

எலும்பு விரிசல் சந்தேகம் என்றால் எந்த ஆட்டமும் வேண்டாம், படி 1இல் சொன்னபடி உடனே டாக்டரைப் பாருங்கள். மற்றவர்கள் முழுதாக நிறுத்த வேண்டியதில்லை. நோட்டில் கோடிட்ட அசைவுகளை மட்டும் விடுங்கள். முழுமண்டியை விட்டு, அரைமண்டியைப் பாதி உயரத்தில் வைத்து, தட்டுவதை மெதுவாக்கி, முதல் காலத்தில் மட்டும் ஆடலாம். உட்கார்ந்து அபிநயம் பழகலாம், நட்டுவாங்கம் கற்கலாம், ஜதிகளைச் சொல்லிப் பழகலாம். பட்டாம்பூச்சி ஆசனமும், ஒருவர் முட்டிமேல் ஏறி நின்று அழுத்துவதும் அடியோடு வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஒத்திகைக்குப் போவதும் வேண்டாம், படிப்படியாக நகரும் வலியை அது மறைத்துவிடும்.

தசையோ நாணோ மூட்டு மோதலோ, பெயர் எதுவானாலும் பெரும்பாலோருக்கு முதல் வைத்தியம் உடற்பயிற்சிதான். பிட்டத் தசையையும் ஆழத்தில் இருந்து காலைத் திருப்பும் தசைகளையும் வலுவாக்கும் பயிற்சியைச் சுமார் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சைப் பேச்சு அதற்குப் பிறகு. முதல் சந்திப்பிலேயே லேப்ரம் தைக்கத் தேதி கொடுத்தால், குழியின் கோணம் எத்தனை, இரண்டு பக்கமும் அளந்தார்களா என்று கேட்டுவிட்டு இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். குழி ஆழமில்லாதவருக்கு அதைக் கவனிக்காமல் லேப்ரத்தை மட்டும் தொட்டால் மூட்டு இன்னும் தளர்ந்துபோகலாம்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் நோட்டில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் அதே பயிற்சியை இன்னும் கடுமையாக்க வேண்டாம். படி 1க்குத் திரும்பிப் போய், முதலில் விலக்கியவற்றை மறுபடி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அப்போது இல்லாத காய்ச்சலோ இரவு வலியோ இப்போது வந்திருக்கலாம். முன்பு எடுத்த எக்ஸ்ரே ஃபிலிமையும் சிடியையும் அறிக்கையோடு கையில் எடுத்துப் போங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, புது டாக்டர் படத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.